பின்புலத்தில் ஒரு மூச்சு

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூச்சு மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. கேட்ட அன்று கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. பிறகு, பொய்யாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

காரணம் அவளுடைய கருவி. ஒரு பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு, அது எந்த அலைகளை விழுங்குகிறது, எவற்றை விட்டுவைக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. விழுங்கிய இடங்களில் கோடு பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளங்களைப் பார்த்தே இது இன்ன பிளாஸ்டிக், இது இன்ன பெயின்ட், இந்த மாத்திரையில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். வம்பு என்னவென்றால், மனுஷன் விடும் மூச்சும் அந்த ஒளியை விழுங்கும். கருவிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று நாலு வார்த்தை பேசினால் போதும், கோட்டின் நடுவே கரியமில வாயு இரட்டைப் பள்ளமாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். போதாததற்கு அந்தப் பழைய கருவியின் ஜன்னல்கள் உப்பால் ஆனவை. ஈரக்காற்று பட்டால் கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கிவிடும்.

அதனால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். கதவில் ஒரு அறிவிப்பு: அனுமதி இல்லாமல் உள்ளே வராதீர்கள். வெளியே ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு தட்டு. சோதிக்க வேண்டியதை அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் முடிவு அதே தட்டில் இருக்கும்.

எதிரே இருந்த பெரிய ஹால் வேறு உலகம். நாலைந்து பேர் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வார்கள். டீ வந்தால் ஒரே கலகலப்பு. வாயு உருளைகளைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு வருவதால் சிலிண்டர் என்று பெயர் வாங்கியவன் ஒருத்தன். தராசின் முன்னால் குனிந்தபடியே இருக்கும் ஒல்லியான பெண் ஒருத்தி, அவள் எடைக்காரி. சிலிண்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணப் பத்திரிகையை நீட்டிக்கொண்டு சிரித்த முகமாக இந்த அறைக்குள் வந்துவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "முதல்ல வெளிய போங்க, வெளிய போங்க!" என்று கையை ஆட்டினாள். பதறிப்போய் ஓடினான். பத்திரிகை பிறகு தட்டில் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கும் அவள் போனாள். கூட்டத்தில் அவன் அவளைப் பார்த்தானோ இல்லையோ.

இப்படியே காலம் ஓடிவிட்டது. உப்பு ஜன்னல் மங்காமல் இருந்தது. தலையில் நரை வந்தது.

அப்புறம் பழைய கருவி ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. புதியது வந்தது. அட்டைப்பெட்டி அளவுதான். அதை இணைத்துக் கொடுக்க வந்த கம்பெனி ஆள் வாய் ஓயாதவர்.

"மேடம், இதுல உப்பே கிடையாது. மேல சின்னதா வைரக்கல் இருக்கு பாருங்க, அது மேல பொருளை வச்சு அழுத்துங்க, முடிஞ்சுது. நீங்க கூட்டமா நின்னு அரட்டையே அடிக்கலாம்."

"மூச்சு?" என்றாள் அவள்.

"மூச்சா? தாராளமா விடுங்க மேடம். விடாம எப்படி இருப்பீங்க?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஹாலுக்குள் ஓடிப்போனார்கள்.

எல்லோரும் பெரிய சார் என்று சொல்லும் தலைமை அதிகாரி அங்கேதான் நின்றிருந்தார். "இனிமே இந்தத் தனி ரூம் தேவையே இல்லையேம்மா. ஹால்ல போட்டுடலாமா? இல்ல, இங்கயே இருக்கட்டுமா? வெள்ளிக்கிழமை தச்சர் வர்றார். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

ஹால் என்று மனசு சொல்லிவிட்டது. வாய் மட்டும், "யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றது.

யோசிக்க என்ன இருக்கிறது என்றால், இருந்தது. தான் அங்கே போய் உட்கார்ந்தால் அவர்களுக்குப் பிடிக்குமா? இத்தனை நாள் உள்ளே வராதே என்று விரட்டியவள் இன்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தால், அந்தக் கலகலப்பு அடங்கிவிடாதா? அன்று மாலை தம்பி போன் செய்தபோது கேட்டாள்.

"அக்கா, போக வேண்டியதுதானே. இதுக்கெல்லாமா பஞ்சாயத்து?"

"அவங்களுக்கு இடைஞ்சலா இருந்தா?"

"கேட்டுப் பாரேன்."

"கேட்டா, வேண்டாம்னா சொல்லப் போறாங்க?"

"அப்ப வாங்கன்னுதானே சொல்லுவாங்க. போயிடு."

"அதான்டா பிரச்னை."

தம்பிக்குப் பின்னால் அவன் மகள் ஏதோ வேண்டும் என்று கத்தினாள். "சரிக்கா, வச்சிடறேன், இவ விட மாட்டேங்கறா," என்று வைத்துவிட்டான்.

கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவிலிருந்த அறிவிப்பைப் பிய்த்தாள். பசை விட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். யாராவது ஒருத்தர், சும்மா, வேலை இல்லாமல் உள்ளே வரட்டும். வந்தால் ஹாலுக்குப் போய்விடுவது.

யாரும் வரவில்லை. தட்டில் பொட்டலங்கள் எப்போதும்போலச் சேர்ந்தன. ஒரு தரம் காலடிச் சத்தம் வாசல்வரை வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிலிண்டர்தான். உள்ளே பார்க்காமலே, "கதவு திறந்து கிடக்கே மேடம், சாத்திடறேன்," என்று பொறுப்பாகச் சாத்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில்தான் அது வந்தது.

சோதனைக்கு முன்னால் ஒன்றுமே வைக்காமல் ஒரு தடவை வெறுமையை அளக்க வேண்டும். அதற்குப் பின்புலம் என்று பெயர். அறையில் இருக்கும் காற்று அதில் பதிவாகும். பிறகு பொருளை வைத்து அளக்கும்போது கருவி அந்தப் பின்புலத்தைக் கழித்துவிட்டு, பொருளை மட்டும் காட்டும். அவள் வைரக்கல்லைத் துடைத்தாள், பொத்தானை அழுத்தினாள், பழக்கப்படி அடி மேல் அடி வைத்து வெளியே போனாள். வராந்தாக் கோடியிலிருந்த குழாயில் இடுக்கியைக் கழுவிக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்தாள். சுரண்டி எடுத்த பெயின்ட் துணுக்கு ஒன்றை வைத்து அளந்தாள்.

கரியமில வாயுவின் இடத்தில் கோடு ஏறி நின்றது. பள்ளம் விழுந்தால் பொருளை அளக்கும்போது மூச்சு அதிகம் என்று அர்த்தம். இது மேடு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டி மேடுகள். அப்படியானால், பின்புலம் எடுக்கும்போது இப்போது இருப்பதைவிட அதிக மூச்சு இருந்திருக்கிறது.

அவள் வெளியே போயிருந்த நேரம் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்! வந்து, கருவிக்கு வெகு அருகில் நின்று, குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

சோதனைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. பெயின்ட்டின் பள்ளங்கள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தில் ஒழுங்காக இருந்தன. வேண்டுமானால் பின்புலத்தை மறுபடி எடுத்து அந்த மேட்டை நீக்கிவிடலாம். அவள் நீக்கவில்லை. திரையைப் பெரிதாக்கி அந்த இரண்டு மேடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொருவர் மூச்சு கெடுக்காத கோடுதான் நல்ல கோடு என்று இத்தனை காலம் நினைத்தவளுக்கு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றும் தோன்றியது.

அடுத்த நாளும் மேடு இருந்தது. சேமிப்பு அறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, தூசி தட்டி, கருவிக்குப் பக்கத்தில் போட்டாள். சாப்பாட்டு வேளையில் ஹாலின் கண்ணாடி வழியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலிண்டரா? சேச்சே, அவன் வந்தால் அறை அதிரும். சத்தமில்லாமல் வந்துபோகக்கூடியவள் எடைக்காரி ஒருத்திதான். கூச்சக்காரி. கேட்காமல் வந்து பார்த்துவிட்டு ஓடியிருப்பாள்.

கை கழுவும் இடத்தில் எடைக்காரி தனியாக இருந்தபோது அவளைப் பிடித்துக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "காலையில நீ என் ரூமுக்கு வந்தியா?" என்று கேட்டுவிட்டாள்.

எடைக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இல்ல மேடம்! நான் அந்தப் பக்கமே வரல. சத்தியமா வரல. ஏதாவது உடைஞ்சு போச்சா மேடம்?"

"இல்ல, இல்ல. வந்திருந்தா... பரவாயில்லன்னு சொல்லத்தான்."

"வரவே இல்ல மேடம்," என்றாள் எடைக்காரி மறுபடி, கையைச் சரியாகத் துடைக்கக்கூட நில்லாமல் போய்க்கொண்டே.

வியாழக்கிழமை அவள் குழாயடிக்குப் போகவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்து, வராந்தாத் தூணோரம் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈ காக்கைகூட உள்ளே போகவில்லை. ஹாலில் யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பி வந்து அளந்தாள். இரண்டு மேடுகளும் அப்படியே நின்றன.

முறையாகத்தான் தேடினாள். ஜன்னல் தாழ் போட்டிருந்தது. வாயுக் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை. வாயு உருளை எதுவும் பக்கத்தில் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்த்தாள். கல்லைத் துடைத்தாள். சுத்தமாக இருக்கிறதா என்று மூக்கு படும் தூரத்தில் குனிந்து பார்த்தாள். குனிந்தபடியே பொத்தானை அழுத்தினாள். அன்று முதல்முறையாகத் திரும்பி நடக்காமல், நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பின்புலம் முடிந்தது என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய கருவி கிழவன் மாதிரி. பொத்தானை அழுத்தினால் கனைத்து, செருமி, உள்ளே காற்று அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அவள் நிதானமாக வெளியே போய்விடலாம். புதியதற்கு அந்தப் பொறுமை கிடையாது. தொட்டவுடன் ஆரம்பித்து, அவள் கதவைத் தாண்டுவதற்குள் முடித்துவிடுகிறது. கம்பெனி ஆள் வேறு மூச்சை விடச் சொல்லிவிட்டாரே என்று, துடைக்கும்போது ஏதேதோ தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு, தாராளமாகத்தான் விட்டிருக்கிறாள்.

இத்தனை நாளும் அறைக்கு வந்துபோனது அவளேதான்.

இரண்டாவது நாற்காலியைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் அதுவே துக்கம். சேமிப்பு அறைக்கே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அறையே போதும் என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். வந்தால் போவது என்றுதானே கணக்கு? யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தச்சர் அளவு நாடாவோடு வந்து ஹாலில் நின்றார். பெரிய சார் அவளைக் கூப்பிட்டார். ஹாலில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? அங்கயா, இங்கயா?"

அங்கயே இருக்கட்டும் சார் என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால், நாளைக் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லைத் துடைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இந்தத் தடவை மேடு எழுந்தால் அது யாருடையது என்று தெரிந்தே அழுத்த வேண்டும்.

"இங்க போடுங்க சார்," என்றாள்.

பெரிய சார் சுற்றிலும் பார்த்தார். "நல்லது. இவங்க யாராவது கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல சார். நானாத்தான் வர்றேன்."

சிலிண்டர் முதலில் எழுந்தான். "கருவியை நான் தூக்கிட்டு வர்றேன் மேடம்," என்று கிளம்பினான். அவனுக்கு அது பஞ்சு மூட்டை மாதிரி. எடைக்காரி தன் தராசைச் சுவர்ப்பக்கமாக நகர்த்தி இடம் விட்டாள். மதியத்துக்குள் மேஜை தயாராகிவிட்டது. அவள் உட்கார்ந்தாள்.

ஹால் நிசப்தமாகிவிட்டது. இடுக்கிகள் கண்ணாடியில் படும் சத்தம் மட்டும்தான். அவள் பயந்ததும் இதைத்தான். குனிந்து கோடுகளைப் பார்ப்பதாகப் பாவனை செய்தாள். வெகு நேரம் கழித்து எடைக்காரி மெதுவாகக் கேட்டாள்: "மேடம், நாங்க பேசலாமா?"

"பேசுங்க," என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள். முதலில் ரகசியம் பேசுகிற மாதிரி, பிறகு வழக்கம்போல. சிலிண்டர் யாரையோ பற்றி, "அவன் இன்னமும் அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டேதான் போறான்," என்றான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு நொடி பிந்தி.

"யாரு அது?" என்று கேட்டாள்.

"அது பெரிய கதை மேடம்," என்றான் சிலிண்டர், உருளையின் திருகைத் திருப்பிக்கொண்டே. "அப்புறம் சொல்றேன்."

"சரி," என்றாள். அடுத்த பெயின்ட் துணுக்கை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். சாயங்காலம் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை அந்த அப்புறத்துக்காகக் காத்திருந்தாள். அன்று அவன் சொல்லவில்லை. நாளைக்கு அவளே மறுபடி கேட்கலாம், இதே மேஜையிலிருந்து.