இடுப்பிலா, நெஞ்சிலா

சனிக்கிழமை காலை, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் எங்களைத் தீவின் மறுபக்க விரிகுடாவில் இறக்கிவிடும். நானும் தங்கை நட்டாலியாவும் மட்டும். ஐந்து நாள் மான் வேட்டை. கைத்துப்பாக்கி இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று என் கணவர் எப்ராயீம் சொல்லிவிட்டார். எந்தத் துப்பாக்கி என்பதுதான் வியாழக்கிழமை வரை முடிவாகவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. போன வருஷம் ஆளுக்கொரு மானை அறுத்துக்கொண்டிருந்தோம். முழங்கை வரை ரத்தம். ரைஃபிள்கள் பத்தடி தள்ளி மரத்தில் சாய்ந்திருந்தன. கரடி வந்து நட்டாலியாவின் மானை இழுத்துக்கொண்டு போனது. எங்களை விட்டது அதன் தயவு.

சுட்டுப் பார்க்க மூவரும் ஊருக்கு வெளியே ஜல்லி எடுக்கும் குழிக்குப் போனோம். அட்டையில் கரடி முகம் வரைந்து தரையில் இழுக்கும் சறுக்குப் பலகையில் நட்டு, நீளமான கயிற்றில் கட்டினார் எப்ராயீம். கயிற்றின் மறுமுனை எனக்குப் பின்னால் நின்ற டிரக்கில். நட்டாலியா வண்டியை எடுத்தால் கரடி என்னை நோக்கி வரும்.

முதலில் எப்ராயீமின் பெரிய ரிவால்வர். முதல் குண்டு கரடியின் காதில் பட்டது. துப்பாக்கி உதைத்ததில் குழல் வானத்தைப் பார்த்தது. இரண்டாவதைச் சுடுவதற்குள் பலகை என் காலடிக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு பட்டுச்சுல்ல" என்றேன்.

"காது குத்தி விட்டிருக்கே. இனி கம்மல் போட்டுக்கும்" என்றார்.

அடுத்து, படகில் தன்னோடு வேலை செய்யும் நண்பரிடம் அவர் இரவல் வாங்கிய பிஸ்டல். பதினைந்து குண்டு. ஆறு சுட்டேன், ஒன்றும் படவில்லை. ஏழாவது சிக்கிக்கொண்டது.

"மணிக்கட்டைத் தளர விட்டா அப்படித்தான் சிக்கும். இறுக்கிப் பிடி" என்றார் எப்ராயீம்.

"இறுக்கினா கை நடுங்குது. தளர்த்தினா சிக்குது. நான் என்னதான் பண்றது?"

பெரியதில் கரடி வருவதற்குள் ஒரு குண்டுதான் என்னால் சுட முடியும். சின்னதில் பதினைந்து, ஆனால் எதுவும் கரடிக்கில்லை.

மழை பிடித்தது. குண்டுகளை எடுத்துவிட்டு, காலி ரிவால்வரை இடுப்பு உறையில் செருகி மழைக்கோட்டின் ஜிப்பை மூடினேன். நட்டாலியா சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்தாள். கரடி வந்தது. கோட்டைத் தூக்கினேன், ஜிப்பைத் தேடினேன், பலகை முழங்காலில் இடித்தது.

அவள் ஜன்னலில் தலை நீட்டினாள். "அக்கா, எந்தத் துப்பாக்கி வெச்சிருக்கும்போது செத்தே?"

இந்தத் தீவில் மழை இல்லாத வேட்டை எது? மூன்று பேரும் அதை யோசிக்கவே இல்லை. எப்ராயீம் டிரக்கிலிருந்து நெஞ்சில் மாட்டும் உறையை எடுத்து வந்து, கோட்டுக்கு மேலே வாரைக் கட்டிவிட்டார். கை நேராகத் துப்பாக்கியின் பிடிக்குப் போனது.

"சரி, ரிவால்வரே இருக்கட்டும்" என்றேன். "இந்தத் தடவை ஒருத்தர் அறுக்க, ஒருத்தர் காவல். நட்டாலியா அறுக்கட்டும். நான் நிக்கிறேன்."

"காவலுக்கு நிக்கிறவ கையில ரைஃபிள் இருக்குமே அக்கா. உனக்கெதுக்கு இது?"

ரைஃபிளில் நான் குறி தவறியதில்லை. அது எப்ராயீமுக்கும் தெரியும்.

"அப்ப இது யாருக்கு?" என்று கேட்டார்.

"கை வேலையா இருக்கிறவளுக்கு" என்றேன். உறையைக் கழற்றி நட்டாலியாவின் நெஞ்சில் மாட்டினேன். ரிவால்வரின் பிடி அவள் கைக்குள் அடங்கவில்லை.

"மாமா, எனக்கு எது சரியா வரும்?"

எப்ராயீம் கரடியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை வண்டியை எடுக்க நான் டிரக்கில் ஏறினேன்.