ஆவணிக்குப் பிந்திய கைநாட்டு

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாச் சுத்தியலும் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் வரும். மூன்று அடி, ஒரு மூச்சு. மறுபடி மூன்று அடி, ஒரு மூச்சு. பாதாமி மக்காச்சோள ரொட்டியைப் பூண்டுச் சட்னியில் தொட்டபடியே கையை நிறுத்திவிடுவாள். சத்தம் கழிவுக் கல்மேட்டுக்கு அப்பால், தண்ணீர் தேங்கிப்போன பழைய கல் குழிக்குள்ளிருந்து வரும். அந்தக் குழியில் வேலை நின்று மூன்று வருஷமாகிறது.

அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பேய் ஓட்டுகிற கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சங்கிலி போட்டுவிடுவார்கள். ஆனால் அது யாருடைய அடி என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அவன் உளியடித்த பக்கத்தில் உட்கார்ந்து, தெருவுக்குப் பாவுகிற சதுரக்கல் உடைத்தவள் அவள். மூன்றடித்து நிறுத்துவது அவனுக்கு வித்தை ஒன்றுமில்லை. நெஞ்சில் கல்தூசு அடைத்தவன் நாலாவது அடிக்கு மூச்சில்லாமல் நிற்பான், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணியில் ஒரு நாள் விடியலில், நான்கு ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு அவளுடைய புருஷன் குழிக்குப் போனான். பத்து மணிக்குத் தெற்குச் சுவர் மழையில் ஊறிச் சரிந்தது. மேலே குவித்திருந்த கழிவுக் கல் அத்தனையும் அதோடு இறங்கியது. ஒப்பந்தக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து கரையில் நின்று சொன்னான்: "உள்ள ஒருத்தனும் இல்ல. மழைக்குக் குழிய நேத்தே மூடியாச்சு."

"மாங்கியோட அப்பா காலைல வந்தாரே," என்றாள் பாதாமி. மாங்கி அவளுடைய மகள்.

"வந்தான். வந்த கையோட என்னோட இன்னொரு குழிக்கு லாரி ஏத்தி அனுப்பிட்டேன். அது அறுபது மைல் தூரம். தங்கி வேலை பாப்பான்."

அவன் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. தையில் கேட்டபோது, கணக்கு முடித்துக்கொண்டு குஜராத் பக்கம் போய்விட்டான், கூட ஒரு பொம்பளையும் போனதாகப் பேச்சு என்றான் ஒப்பந்தக்காரன். "சந்தேகம்னா ரிஜிஸ்டர்ல பாத்துக்கோ. மாசாமாசம் கைநாட்டு வெச்சிருக்கான். அது இப்ப அரசாங்க ஆபீஸ்ல இருக்கு." படிக்காத கல்லுடைக்கிறவள் அரசாங்க ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் பார்க்கவா போகிறாள் என்ற தைரியம் அவனுக்கு.

ஊர் அதை நம்பியது. பெண்டாட்டியை விட்டு இன்னொருத்தியோடு போவதும், புருஷனை விட்டு இன்னொருத்தனோடு போவதும் அந்தக் கல் நாட்டில் நடக்காததில்லை. செத்தவன் பெண்டாட்டி என்றால் நாலு பேர் வந்து கூட அழுவார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு அதுகூடக் கிடையாது. புருஷன் இருக்கிறவள் போடுகிற அரக்கு வளையலைப் பாதாமிக்குக் கழற்றவும் முடியவில்லை, போட்டிருக்கவும் கூசியது.

"புது வளையலா?" என்பாள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி நோசரி, பாதாமிக்கு ஜிஜி, அக்கா முறை. "போடு போடு. அங்க அவளும் போட்டுட்டுத்தான் இருப்பா."

"பழசுதான் ஜிஜி. கண்ணுக்குக் கண்ணாடி போடு."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. என் வீட்டுக்காரர் ராத்திரி வீட்டுக்கு வர்றது தெரியுது."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் இருக்கிறானா, அந்தக் கல்லுக்கடியில் கிடக்கிறானா. இருந்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இல்லையென்றால் அழுது தீர்ப்பாள். ஒரு தடவை கலெக்டர் குறை கேட்க வந்த நாளில், ஒருவனைப் பிடித்து எழுதச் சொல்லி மனுக் கொடுத்தாள்: என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று தெரியப்படுத்த வேண்டும். மனுவை வாங்கினார்கள். ரசீது கொடுத்தார்கள். பதில் இல்லை.

கடைசியில்தான் சோட்மலிடம் போனாள். சோட்மலும் குழிக்காரன். அவள் புருஷனோடு ஒரே பாறையில் உளியடித்தவன், அவளைப் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவன். நுரையீரல் போய், இப்போது தபால் ஆபீஸ் வேப்பமரத்தடியில் பலகை போட்டு மனு எழுதுகிறான். பத்து வார்த்தைக்கு ஒரு தடவை இருமுவான்.

அவளுடைய பழைய மனுவின் நகலைப் பார்த்துச் சிரித்தான். "பாபி, இது என்ன? புருஷன் எங்கேன்னு கேட்டிருக்கீங்க. ஆபீஸ்ல புருஷனா வெச்சிருக்கான்? ரிஜிஸ்டர் வெச்சிருக்கான். இருக்கிற பொருளக் கேக்கணும்."

"அது வந்து என்ன பண்ண, தம்பி? எனக்கு எழுத்தும் தெரியாது."

"கேளுங்க முதல்ல. தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஏன் எதுக்குன்னு அவன் கேக்க முடியாது, நாமளும் சொல்லக் கூடாது. அழுகை வேண்டாம், கதை வேண்டாம். இன்ன ஒப்பந்தக்காரர், இன்ன ரெண்டு குழி, ஆனியிலிருந்து தை வரைக்கும் ஆஜர் ரிஜிஸ்டர், எல்லாப் பக்கமும், சான்று போட்ட நகல் வேணும். முப்பது நாள்ல பதில் தரணும். ஏழைக் கார்டு நகல் ஒண்ணு வெச்சா கட்டணமும் இல்ல." இருமி முடித்துப் பேனாவை எடுத்தான். "தொழிலாளி பேரு?"

அவள் முந்தானையை வாய்க்கு இழுத்தாள்.

"எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லிடுவீங்களோன்னு பாத்தேன்."

"மாங்கியோட அப்பான்னு எழுது."

"அப்படி எழுதினா மாங்கியக் கூட்டிட்டு வரச் சொல்லுவான்," என்று சொல்லிக்கொண்டே அவன் பெயரை எழுதினான். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருக்கிற புருஷனின் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும். இருக்கிறானா என்பதே தெரியாதபோதும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் பதிவுத் தபால் வந்தது. சோட்மல் பிரித்துப் படித்தான். படித்துவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து இருமினான்.

"என்னன்னு சொல்லிட்டுச் சாவு," என்றாள் பாதாமி.

"நீங்க கேட்டது மூணாவது நபரோட சொந்தத் தகவலாம். உங்க வீட்டுக்காரரோட சம்மதம் வேணுமாம். எழுத்து மூலமா."

பாதாமி கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வட்ட முத்திரை, ஊதா மை. அன்றைக்கு மத்தியானம் குழிக்குள் சத்தம் ரொம்ப நேரம் வந்தது.

மேல்முறையீடு எழுதினார்கள். அதே ஆபீசில் ஒரு படி மேலே இருக்கிற அதிகாரிக்கு. நாற்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சம்மதக் கடிதம் கொண்டு வந்தியாம்மா?" என்றார்.

"ஆளத் தேடிக் கொடுங்க சாகேப். நானே கைநாட்டு வாங்கிட்டு வர்றேன்."

அதிகாரி கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் கூரையைப் பார்த்தான். ஒப்பந்தக்காரர் சட்டப்படி அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய ரிஜிஸ்டரில் சொந்தம் என்ன, மூணாவது நபர் என்ன என்று சோட்மல் எழுதியிருந்ததை அதிகாரி இரண்டு தடவை படித்தார். வெள்ளிக்கிழமை வந்து மூலத்தைப் பார்க்கலாம், வேண்டிய பக்கத்துக்கு நகலும் வாங்கலாம் என்று உத்தரவு போட்டார்.

வெள்ளிக்கிழமை போனார்கள். பதிவறை இரண்டாம் மாடியில் இருந்தது. சோட்மல் ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. "என்னால ஆகாது பாபி. நீங்க போங்க. என்ன பாக்குறீங்களோ அதோட நகலக் கேளுங்க. வாய்ல சொல்றத நம்பாதீங்க."

"எழுத்து தெரியாதவ என்னத்தப் பாப்பேன்?"

"தெரியல. பாருங்க."

பதிவறையில் மாத்துர் என்கிற கிளார்க் டீயில் பிஸ்கெட் நனைத்துக்கொண்டிருந்தான். கட்டிவைத்துத் தூசு பிடித்த காகித மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன. பாதாமி அந்தத் தூசு வாசனையில் ஒரு நிமிஷம் நின்றாள். குழி வாசனை போலவே இருந்தது.

"முதல்ல இதுல கைநாட்டு வை. வந்ததுக்கு அத்தாட்சி." மைப் பெட்டியை நீட்டினான். அவள் வைத்தாள். மாத்துர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "என்னத்த வெச்சிருக்க? ரேகையே விழல. அழுத்தி வை."

அவள் அழுத்தி வைத்தாள். மறுபடியும் வெறும் ஊதாத் திட்டு.

"கல்லுடைக்கிற கை, பாபுஜி. ரேகை எல்லாம் கல்லோட போச்சு. ரேஷன் மிஷினே நான் ஆளில்லன்னு சொல்லுது."

"சரி விடு. படிக்கத் தெரியாது, இத்தன தூரம் வந்துட்ட." நீளமான ரிஜிஸ்டரைப் பிரித்து, வரிசையில் விரலை ஓட்டி, அவள் புருஷனின் பெயரைச் சத்தமாகப் படித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தா. ஆனி மாசம், கைநாட்டு. ஆடி மாசம், கைநாட்டு. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, தை வரைக்கும் இருக்கு. இருந்திருக்கான், வேலை பாத்திருக்கான், போயிருக்கான். போதுமா?"

அவளுக்கு ஒரே கணக்குதான்: சுவர் சரிந்த ஆவணிக்கு முன், அதற்குப் பின்.

பாதாமி முந்தானையை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆனி மாதக் கட்டத்தில் ஒரு ஊதாத் திட்டு. ரேகை இல்லை. நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. கல்யாணமான வருஷம் உளி பட்டுப் பிளந்த விரல் அது. அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஆடியிலும் அதே திட்டு, அதே கோடு. அவள் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனைத் தொட்டது போல் இருந்தது.

விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். ஆவணி.

அங்கே ஒரு முழுப் பெருவிரல் இருந்தது. கொழுத்த விரல். வரி வரியாய், சுழி சுழியாய், ஒரு வரிகூடத் தேயாமல். வெட்டு இல்லை. புரட்டாசியிலும் அதே சுழி. ஐப்பசியிலும். தை வரைக்கும்.

"இது அவர் கையில்ல," என்றாள்.

"கைநாட்டப் பாத்து நீ எப்படிச் சொல்லுவ?"

"மேல பாருங்க, கீழ பாருங்க. எல்லாம் என் கை மாதிரி வெறும் திட்டு. குழில வேலை பாக்கிறவனுக்கு இத்தன ரேகை எங்கருந்து வந்துச்சு? இது பேனா பிடிக்கிற கை, பாபுஜி."

மாத்துர் குனிந்தான். பிஸ்கெட் டீக்குள் ஒடிந்து விழுந்தது, அவன் எடுக்கவில்லை. தன்னுடைய தேயாத பெருவிரலை ஒரு தடவை பார்த்தான். பிறகு அந்தக் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான்.

பாதாமி அதற்குள் பக்கத்தின் அடிக்குப் போயிருந்தாள். எழுத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். கீழே இன்னொரு வரிசையில், ஆடி வரைக்கும் தேய்ந்த திட்டு, ஆவணியிலிருந்து அந்தக் கொழுத்த சுழி. அதற்கும் இரண்டு வரிசை கீழே, மறுபடி அதே சுழி.

"இவங்க ரெண்டு பேரும் யாரு?"

மாத்துர் படித்தான். குரல் இறங்கியிருந்தது. இரண்டு பெயர், ஒரே ஊர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், காட்டு ஊர். மழைக்கு முன்னால் வந்து, குழி ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்புக்கடியில் தங்கியிருந்த பையன்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒருவன் அவளிடம் ஒரு தடவை மோர் கேட்டிருக்கிறான். அவர்களைக் காணோம் என்று இந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்க இந்த ஊரில் அவர்களுக்கு யாரும் இல்லை.

"எல்லாப் பக்கமும் நகல் வேணும்," என்றாள். "முத்திரை போட்டு."

படியில் சோட்மல் அதே இடத்தில் இருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நகல்களை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் ஆவணிக் கட்டத்தைக் காட்டினாள். அவனும் குழிக்காரன். தன் ரேகை தேய்ந்த பெருவிரலை அந்தச் சுழியின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தான்.

"இனி யாருக்கு எழுதணும்?" என்றாள்.

"போலீசுக்கு. அப்புறம் குழியத் தோண்டச் சொல்லி கலெக்டருக்கு. இந்தத் தடவை கதையும் எழுதணும்." பையிலிருந்து காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்தான். வழக்கம்போல அவனே எழுதப்போனான். "இறந்தவர் பேரு..."

"கஜோட்," என்றாள் பாதாமி.

சோட்மலின் பேனா நின்றது. அவள் இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு வளையலைக் கழற்றினாள். அரக்கு வளையல் இறுகிப் போயிருந்ததால் தோல் உரிந்தது.

மறுநாள் மத்தியானம் சுத்தியல்கள் ஓய்ந்ததும் ரொட்டியை மூடி வைத்துவிட்டுக் கல்மேட்டைத் தாண்டிக் குழிக்கரைக்குப் போனாள். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்று அடி, ஒரு மூச்சு. அவள் குழிக்குள் பார்த்து, கூப்பிடுகிற குரலில் பெயரைச் சொன்னாள்.

சத்தம் நின்றது.

அவள் நெடுநேரம் நின்றாள். நோசரி தூரத்திலிருந்து ஏதோ கத்துவது கேட்டது. திரும்பி நாலடி வைத்திருப்பாள், தண்ணீருக்கடியில் மறுபடி உளி விழுந்தது. இந்தத் தடவை இரண்டு உளி. ஒன்று வேகமாக, மூச்சு வாங்காமல், இளவயசுக் கை. இன்னொன்று அதற்குப் பின்னாலேயே, கொஞ்சம் தடுமாறி, புதிதாய்த் தொழில் பழகுகிறவனைப் போல.

அது யாருடைய அடி என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் அடையாளம் சொல்லக்கூடியவள் எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு வீட்டில் வளையலோடு உட்கார்ந்திருப்பாள். பாதாமி அந்த இரண்டு பையன்களின் பெயரும் ஊரும் இருந்த நகல் பக்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று சோட்மலைக் கேட்க நடந்தாள்.