கொக்கி இருந்த பக்கம்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவரை வாளிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாதத்தில் ஒரு நாள் அலுவலக வண்டியில் ஆற்றோடு சேர்ந்து கீழே இறங்கி, நான்கு இடங்களில் வாளியை விட்டுத் தண்ணீர் எடுத்து வருவது அவர் வேலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இவர் ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளந்து எடுக்கிறாரே என்று பரிசோதனைக்கூடத்து அம்மாள் கேலி செய்வார். கேலியில் பொய் இல்லை. பாட்டிலை அந்தந்த இடத்துத் தண்ணீராலேயே மூன்று முறை கழுவ வேண்டும் என்பது விதி. ஒன்பது வருட வேலையில் அவர் ஒரு நாளும் இரண்டோடு நிறுத்தியதில்லை.

முதல் பாட்டில் மலையடிவாரத்தில். அங்கே அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இரண்டாவது, மணல் அள்ளும் இடத்துக்குக் கீழே. அங்கே லாரிகள் நடு ஆற்றில் நிற்கும். ஆறுதான் ஒதுங்கிப் போகும். மூன்றாவது, தோல் தொழிற்சாலையை ஒட்டிய பழைய பாலத்தின் மேலிருந்து. நான்காவது வெகுதூரம் தள்ளி, பெரிய ஆறு ஒன்று வந்து கலந்த பிறகு. அத்தனை வெள்ளத்தில் எந்த அழுக்கும் கரைந்து காணாமல் போய்விடும்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, ஆறு வளையும் இடத்தில், அவருடைய அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். கணவர் போனபின் பூச்செடியும் பழக்கன்றும் விற்றுத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். அந்த இடத்துக்குப் பாட்டில் கிடையாது. பட்டியலில் அது இல்லை.

நான்கு வருடமாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். இலைகள் ஓரத்தில் கருகுகின்றன, மோட்டார் குழாயில் என்னவோ படிகிறது, தண்ணீர் பட்டால் கை அரிக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் மூன்றாம் பாட்டிலின் முடிவை ஒப்பிப்பார். நல்ல தண்ணீர்.

"உரத்தக் கொஞ்சம் கொறைச்சுப் பாருக்கா. நம்பரு பொய் சொல்லாது."

அக்கா உரத்தைக் குறைத்தாள். அடுத்த வருடம் உரமே போடாமல் பார்த்தாள். அதன்பின் மனு எழுதினாள். விசாரணைக்குத் தேதியும் வந்தது. தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று முடிவானால் அதை ஆற்றில் விடுவதை நிறுத்துவார்கள். இல்லையென்றால் பண்ணையை மூடுவதைத் தவிர அக்காவுக்கு வேறு வழியில்லை.

விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பு, கடுங்கோடையில், அவர் பாலத்தில் நின்று வாளியை இறக்கினார். வாளி தரை தட்டியது. மணலைப் பறிகொடுத்த ஆறு அந்த வருடம் அவ்வளவு வற்றியிருந்தது. எட்டிப் பார்த்தார். தூணுக்கு அப்பால், இத்தனை நாளும் தண்ணீருக்குள் மறைந்து கிடந்த பெரிய குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதிலிருந்து கருப்பாய் ஒன்று வழிந்து பாலத்தின் கீழ்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய வாளி இறங்கியது மேல்பக்கத்தில், ஆறு குழாயைத் தொடுவதற்கு முன்பே. இரண்டுக்கும் பத்தடிகூட இல்லை.

படிவத்தில் 'பாலத்திலிருந்து' என்று மட்டும்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று இருக்காது. அவர் மேல்பக்கம் நின்றதற்குக் காரணம் ஒரு கொக்கி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கயிறு உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்ததைத் தொழிற்சாலைக் காவல்காரர் பார்த்தார். அடுத்த மாதம் போனபோது கைப்பிடிச் சுவரில் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. கயிறு வழுக்கி இறங்க, அதில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அதற்காக அவர் ஒன்பது வருடமாகத் தன் பிரார்த்தனையில் அந்தக் கிழவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வந்தார்.

அன்று கீழ்ப்பக்கத்தில் வெறுங்கையால் கயிற்றை இறக்கி ஐந்தாவதாக ஒரு பாட்டில் நிரப்பினார். பிறகு காவல் கூண்டுக்குப் போனார்.

"பெரியவரே, கொக்கிய அந்தப் பக்கம் போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல தம்பி. அங்கதான் மரத்து நிழல் விழுது. வெயில்ல நிக்கிறீங்களேன்னு போட்டேன்." கிழவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் ஒரு நாள் பாத்தாரு. கழட்டச் சொல்லுவாருன்னு பயந்தேன். சிரிச்சிக்கிட்டே, அங்கயே இருக்கட்டும்னு போயிட்டாரு."

ஐந்தாம் பாட்டிலின் முடிவைக் கொடுக்கும்போது பரிசோதனைக்கூடத்து அம்மாள் கேலி செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பேசாமல் இருந்துவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை என்றார். அவர் இரண்டு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையை எடுத்துச் சொன்னால் கடவுள் மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார்.

விசாரணை அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. அவர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, குழாய், ஐந்தாம் பாட்டில், ஒன்றையும் விடவில்லை. கொக்கியைப் போட்டது யார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அதிகாரி பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

"அப்ப ஒன்பது வருஷ அறிக்கையும் தப்பான இடத்துல எடுத்தது. செல்லாதுன்னு எழுதிக்கலாமா?"

அவர் ஆமாம் என்றார். தொழிற்சாலை வக்கீல் எழுந்து, ஐந்தாம் பாட்டில் பட்டியலில் இல்லாதது, அதுவும் செல்லாது என்றார். ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாகத் தன் தவறை ஒப்புக்கொள்வதைப் பார்ப்பது அரிது என்று அவரைப் பாராட்டவும் செய்தார். ஆக, கழிவு கலந்தது என்பதற்குக் கையில் எந்தச் சான்றும் இல்லை. இனி பாலத்தின் கீழ்ப்பக்கத்தில், மாதம் ஒன்றாக, இரண்டு வருடம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அதுவரை குழாய் இப்போது இருப்பதுபோலவே இருக்கும்.

வாசல் படியில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ நெஜத்தச் சொன்னதுக்கு நான் கோவிச்சுக்கல தம்பி," என்றாள். "உரத்தக் கொறைன்னு நாலு வருஷம் சொன்னியே, அப்ப ஒரு தடவை வந்து என் தண்ணியில கைய விட்டுப் பாத்திருந்தா போதுமே."

பாட்டிலை மூன்று முறை கழுவியவர், அக்கா வீட்டுக் குழாயடியில் ஒரு முறைகூடக் கை கழுவியதில்லை. போனால் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எண்களைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அடுத்த மாதம் பண்ணை வேலியில் விற்பனைக்கு என்று பலகை தொங்கியது. வண்டி அதைக் கடந்து போகக் கூடாது என்பதற்காக, அன்று நான்காம் இடத்தில் முதலில் எடுத்துவிட்டு வேறு சாலையில் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தார். காவல் கூண்டில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். பழையவரை விசாரணை முடிந்த வாரமே நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார். தன்னால்தான் என்று அவருக்குத் தெரிந்தது. கிழவரின் வீடு எங்கே என்று கேட்டார். புது ஆளுக்குத் தெரியவில்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் போனார். நிழலே இல்லாத பக்கம். கைப்பிடிச் சுவரில் ஒரு கொக்கி இருந்தது. பழைய கொக்கிதான், சிமென்ட் மட்டும் புதிது. மேல்பக்கச் சுவரில் அது இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது.

"கடைசி நாள் அந்தப் பெரியவரு போட்டுட்டுப் போனாரு," என்றார் புது ஆள். "டியூபுகூடப் புதுசா சுத்தினாரு. எதுக்குன்னு கேட்டா, வருவாரு பாருன்னாரு."

அவர் அந்த டியூபின் மேல் சிறிது நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாளியை இறக்கினார். கயிறு கையை அறுக்கவில்லை. வந்த தண்ணீர் கருப்பாக இருந்தது, மூக்கைத் துளைத்தது. அதிலேயே பாட்டிலை ஒரு முறை கழுவினார். இரண்டு முறை. மூன்று முறை. நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, ஒன்று என்று எழுதி ஒட்டினார். இன்னும் இருபத்து மூன்று இருந்தன.