புள்ளி விழாத திரை

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறியதிலிருந்து பாக்கியநாதன் சி.பி.யு.வை மடியை விட்டு இறக்கவில்லை. கீபோர்டு மனைவி கன்னியம்மாவின் ஒயர் கூடையில், பழைய துண்டில் சுற்றி இருந்தது. கவரைப்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் லினக்ஸ் குழு கூடுகிறதாம். வைரஸ் தின்ற கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் பழைய விண்டோஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுப்பார்களாம்.

மகளின் காலேஜ் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. மகள் பழவேற்காட்டு ரஃபியைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கே, "இந்த ஊட்ல இனிமே அவ பேரு கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் பாக்கியநாதன். கேட்கவும் இல்லை. கன்னியம்மா அழுவதென்றால்கூடக் குழாயடிக்குப் போய்த்தான் அழுதாள். அவரோ, இரும்பு ஆலையில் எடைமேடை வேலை முடிந்து வந்ததும் மகளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

டியூஷன் சென்டர் மாடியில், குழுவை நடத்தும் ஷஹனாஸ் அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாம் ஏற்றினாள். பாஸ்வேர்டு கேட்டபோது அவர் பழையதையே போட்டார். விண்டோஸில் போலவே புள்ளிகள் விழுந்தன. கடைசியில் ஐகான்கள் தெரியும் படத்திரைதான் வரவில்லை; எழுத்து மட்டும் விழும் கறுப்புத் திரை நின்றது.

"பரவால்ல அங்கிள், கறுப்புத் திரையிலயே உள்ள போலாம். எல்லாரும் பாக்கட்டும்" என்று ப்ரொஜெக்டரை மாட்டினாள். "உங்க பேரு அடிங்க. அப்புறம் பாஸ்வேர்டு."

பேர் சுவரில் விழுந்தது. பாஸ்வேர்டு அடித்தார். ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி அடித்தார். ஒன்றுமில்லை. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க, அவருக்கு மனைவி மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கீபோர்ட எங்கனா இடிச்சியா? ஒரு சாமானை ஒழுங்கா தூக்கினு வரத் தெரியாதா உனுக்கு?"

"இடிக்கலையே" என்றாள் கன்னியம்மா, கூடையைப் பார்த்துக்கொண்டே.

எண்டரை ஓங்கித் தட்டிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். இந்த முறை விழுந்தது. சுவரில், ஆளுயரத்துக்கு: helenmary.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்குது அங்கிள். இதுல பாஸ்வேர்டு அடிச்சா ஒண்ணுமே தெரியாது, ஆனா உள்ள போய்க்கினுதான் இருக்கும். ரெண்டு வாட்டி சேந்து தப்பாய்ட்டதால அது திரும்ப பேரு கேட்டுது, நீங்க அங்க அடிச்சிட்டீங்க." ஷஹனாஸ் சிரித்தாள். "ஹெலன் மேரி யாரு, பொண்ணா?"

"சும்மா ஒரு பேரும்மா."

கன்னியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகளின் பள்ளிக்கூட நோட்டுகளில் பேர் லேபிள் ஒட்டிய கை அவளுடையது. அந்த எழுத்துகள் தெரியும். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கியநாதனுக்குச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எல்லாரும் பாத்துட்டாங்க, வேற மாத்திடலாமா அங்கிள்?"

"அப்புறம் பாத்துக்கிறேன்" என்று ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார்.

திரும்பும் ரயிலில் கும்மிடிப்பூண்டி தாண்டியதும் கன்னியம்மா ஒயர் கூடையைக் காலடியிலிருந்து மடிக்கு எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"தெனம் அடிப்பியா?"

"ம்."

"ரெண்டு வருஷமா என்ன வாய் தொறக்க உடல. நீ மட்டும் தெனம் கூப்ட்டுக்கினு இருந்துகிற."

அவரால் நிமிர முடியவில்லை. அடித்ததற்காக அவர் வெட்கப்படவில்லை. அத்தனை பேர் முன்னால், பெற்றவள் நிற்கும்போதே, சும்மா ஒரு பேரு என்று சொன்னோமே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

கன்னியம்மா துண்டைப் பிரித்துக் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கெங்க இருக்குது, காட்டு."

அவர் அவளுடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்தார்.

"சும்மா காட்டாத. அவ பேர சொல்லிக்கினே காட்டு."

எதிர் சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் வாயைத் திறந்தார். அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள். எதிலும் மாட்டாத கீபோர்டு ஒயர் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கி, வண்டியின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.