ஆறாவது வேட்டு

என் வலது கை மணிக்கட்டோடு போனதற்குக் காரணம் விதி என்று இதுவரை நாற்பது பேராவது சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவனும் சொன்னான், வெறுங்கையோடு வந்தவனும் சொன்னான். பழத்தோடு வந்தவனை மட்டும் மன்னித்தேன்.

உண்மையான காரணம் பதினொன்றரை மணி பஸ்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே எங்கள் பக்கம் பத்தடி தோண்டினால் பாறை. கடப்பாரைக்கு மசியாது. குழி போட்டு, தோட்டா வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓட வேண்டும். ஆறு தோட்டா வைத்தால் ஆறு வேட்டுச் சத்தம் கேட்க வேண்டும். மேலே ஒருவன் விரல் விட்டு எண்ணுவான். ஐந்துதான் கேட்டதென்றால் ஒன்று வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது. அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. எங்கள் தொழிலில் படிக்க வேண்டிய படிப்பு இவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் சாமிதுரை காட்டில் கூலிக்குக் கிணறு வெட்டினோம். ஒரு வரப்பு தள்ளி அவருடைய பங்காளி பெரியசாமியும் வெட்டினார். இருவருக்கும் பதினைந்து வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒருவர் கிணறு வெட்டினால் மற்றவரும் வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. எங்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. காட்டை ஒட்டிய ரோட்டில் பதினொன்றரை மணி பெரம்பலூர் பஸ் கடந்ததும் திரி கொளுத்துவோம். பஸ் மேல் கல் விழாது, கஞ்சி குடிக்கவும் நேரம் சரியாக இருக்கும். அவர்களும் அதே பஸ்ஸைப் பார்த்துத்தான் கொளுத்தினார்கள். அவர்கள் வேட்டு சற்றுத் தள்ளிக் கேட்கும் என்று நாங்களாகவே பிரித்து எண்ணிக்கொள்வோம்.

அன்றைக்குக் காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது. மேலே நின்று எண்ணியவன் என் பெண்டாட்டி சின்னப்பிள்ளையின் தம்பி பிச்சைமுத்து. "ஆறு ஆச்சு மாமா, எறங்குங்க" என்றான். அவன் எண்ணிய ஆறில் ஒன்று பெரியசாமி கிணற்றில் வெடித்தது. எங்கள் ஆறாவது என் கடப்பாரைக்காகக் காத்திருந்தது.

வீடு திரும்பிய அன்று சாமிதுரை வந்து பார்த்தார். "வுடு முருகையா, விதின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். கிணற்று வேலை ஒருநாளும் நிற்கவில்லை. என் இடத்தில் கடப்பாரையோடு இறங்கியது பிச்சைமுத்து.

சின்னப்பிள்ளை எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அழுதாள். "ஒங்க கைதான் போச்சு. எந்தம்பி உசிரையாவது காப்பாத்துங்க."

இனி அந்தக் கிணற்றில் இறங்காதே என்று பிச்சைமுத்துவிடம் சொன்னேன். "என்ன எழுதியிருக்கோ அதான மாமா நடக்கும்" என்றான். ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத பயல், எனக்குத் தலையெழுத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். இருக்கிற கையால் ஓங்கி ஓர் அறை விட்டேன். இடது கை, சரியாக விழவில்லை.

சாமிதுரையிடம் போனேன். "ரெண்டு கெணத்துலயும் ஒரே நேரத்துல வேட்டு வேணாங்க. நாம சாயங்கால பஸ்ஸுக்கு மாத்திக்குவோம்."

"அவனுக்காக நான் நேரத்த மாத்தணுமா? ஊரு சிரிக்காது?"

"இன்னொரு உசிரு போயிடுமுங்க."

"போவணும்னு இருந்தா வூட்டுல படுத்திருந்தாலும் போவும்யா."

பெரியசாமியிடமும் போனேன். அவரும் இதையே சொன்னார், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். பதினைந்து வருஷப் பகையில் இந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை! அடுத்தவன் சாவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஞானிகள்தான்.

மறுநாள் காலை மறுபடியும் சாமிதுரை வீட்டு வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தேன்.

"விடியக்காத்தால கனவுல எல்லைக்கருப்பு வந்தாருங்க. ஒரே நேரத்துல ரெண்டு கெணறு வாயத் தொறந்தா எனக்கு ஆவாது, முருகையன் கைய எடுத்துட்டேன், இனிமே தண்ணிய எடுத்துக்குவேன்னாருங்க."

ஆள் போனால் விதி என்று சொன்ன மனிதருக்குத் தண்ணீர் போகும் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கருப்பு இருக்கும் திசை பார்த்து அங்கேயே கும்பிட்டார். அன்று முதல் எங்கள் வேட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் பிறகு. கருப்புக்கு ஒரு சேவலும் அறுத்தார். அதில் ஒரு தொடை எனக்கு வந்தது, கூச்சமில்லாமல் தின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு தோட்டா வைத்தார்கள். நானும் மேட்டில் உட்கார்ந்து எண்ணினேன். வேறு எங்கும் வேட்டு இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு கொக்குகள் திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தன. ஆறாவது கேட்கவே இல்லை.

பிச்சைமுத்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அஞ்சுதான மாமா?" என்றான். "அஞ்சுதான்" என்றேன். மறுநாள் பக்கத்தில் இன்னொரு தோட்டா வைத்து அதையும் சேர்த்து வெடித்தார்கள். சின்னப்பிள்ளை அன்றைக்கு அழாமல் சோறு ஊட்டினாள்.

சாமிதுரை எல்லார் முன்னாலும் சொன்னார்: "பிச்சைமுத்துக்கு விதி கெட்டிய்யா. முருகையனுக்குத்தான் குடுத்துவைக்கல." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பிச்சைமுத்துவும் ஆட்டினான். துப்பலாமா என்று நினைத்தேன்.

கிளம்பும்போது சாமிதுரை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மறுபடி கருப்பு கனவுல வந்தாருன்னா, தண்ணி எத்தன அடியில இருக்குன்னு ஒரு வார்த்த கேளு."

"கேக்குறேங்க" என்றேன்.

வரும் வழியெல்லாம் எனக்கு என்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. இரண்டு கிணற்றுச் சத்தமும் கலக்கிறது என்பது வேலை தொடங்கிய முதல் வாரமே எனக்குத் தெரியும். ஒருநாள் சாமிதுரையிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, நடக்கிறபடி நடக்கட்டும் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்போது எனக்கு இரண்டு கை இருந்தது, அந்தக் கனவுப் பொய்யைச் சொல்ல வாயும் இருந்தது.