லட்ரீஸ் கணக்கில் ஒரு வரவு

தலையும் தோலும் உரிக்கப்பட்ட கெளுத்தி மீன்கள் பெல்ட்டில் வெளிறிய சதையாக வந்துகொண்டிருந்தன. வெர்டெல் இடது கையால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். ரத்தம் கட்டியதைப் பச்சைத் தொட்டியிலும் மற்றதைப் பனிக்கட்டித் தொட்டியிலும் போட்டாள். வலது மணிக்கட்டில் அறுவை நடந்த பிறகு கத்தி வரிசையிலிருந்து எடுத்து அவளை இங்கே நிறுத்தியிருந்தார்கள். இங்கே கூலி குறைவு. தரையில் ஓடும் குளிர்ந்த நீர் ரப்பர் பூட்ஸைத் தாண்டி எலும்புக்குள் ஏறியது.

"ஏ வெர்டெல், அந்த மீனுக்கு என்ன ஜோசியமா பாக்கிறே? போடுடி தொட்டில," என்றாள் எதிரே நின்ற பர்னீஸ்.

"உன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னேனா, இது கொஞ்சம் லட்சணமாத் தெரியுது."

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. பர்னீஸ் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு மைக்ரோவேவுக்கு ஓடினாள். வெர்டெல் குளிர்பான இயந்திரத்தின் பின்னால் போய் நின்று போனை எடுத்தாள். மாதம் ஒருமுறை அவள் இப்படிப் போய் நிற்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அங்கே யாரும் காசு போட வரமாட்டார்கள்.

நெடுநேரம் இசை ஒலித்த பின், கல்விக்கடன் ஆபீசிலிருந்து ஓர் இளைஞன் பேசினான். பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் கேட்டான்.

"சம்பளத்துல பிடிக்கிறதக் குறைக்கணுமா, மேடம்?"

"அது இல்ல தம்பி. என் பொண்ணு கணக்கு. லட்ரீஸ் ஸ்டோக்ஸ். எங்கிட்டப் பேசலாம்னு அவ எழுதிக் குடுத்திருக்கா, பாருங்க. அதுல பணம் ஏதாவது வந்திருக்கா?"

விசைகளைத் தட்டும் ஒலி கேட்டது. இல்லை என்ற பதிலுக்கு அவள் தயாராக இருந்தாள்.

"வந்திருக்கு மேடம். போன மாசம் ஒண்ணு."

அவள் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அது அதிர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு, யார் கட்டியது என்று எதுவும் கேட்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கடன் இரண்டு. லட்ரீஸ் கல்லூரியில் சேர்ந்தபோது அரசாங்கம் அவள் பெயரில் கொடுத்தது ஒன்று. மாணவர் பெயரில் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அதற்கு ஓர் அளவு உண்டு. கட்டணத்துக்கு அது போதவில்லை. மீதியை அம்மா பெயரில் அரசாங்கமே தரும் என்றது கல்லூரி. வெர்டெல் வேறு கடன் எதையும் கட்டாமல் விட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்தார்கள். மீன் ஆலையில் என்ன கூலி என்று ஒருவரும் கேட்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து மகள் எல்லாவற்றையும் அம்மாவின் போனிலேயே நிரப்பினாள். "இங்க அமுக்கும்மா" என்றாள். வெர்டெல் அமுக்கினாள். அடுத்த வருடமும் அமுக்கினாள்.

அந்த இரண்டாம் வருடம், குடும்பமெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வரக் கிளம்பிய லட்ரீஸ் வந்து சேரவில்லை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் கார் பூட்டியபடி நின்றது. பின்னிருக்கையில் அம்மா வீட்டில் துவைப்பதற்காக அவள் கொண்டுவந்த அழுக்குத் துணிப் பை இருந்தது. ஷெரீஃப் ஆட்கள் குளத்திலும் கால்வாயிலும் தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு, பையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தவணைகள் தவறின. அரசாங்கம் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. ஆலைக்கு ஓர் உத்தரவு அனுப்பியது, அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பங்கு கைக்கு வருமுன்பே போகத் தொடங்கியது. படித்த பிள்ளை இறந்திருந்தால் பெற்றவர் பெயரில் உள்ள கடன் ரத்தாகும், சான்றிதழை அனுப்புங்கள் என்றார்கள். இறக்கவில்லை, காணவில்லை என்றாள் வெர்டெல். அப்படியானால் கடன் இருக்கிறது என்றார்கள்.

"மூணு வீடு மாறினேன், மூணு தடவையும் என்னக் கண்டுபிடிச்சீங்க. அவளயும் கண்டுபிடிங்க," என்று அன்று அவள் கத்தினாள். பிறகு அதையே நம்பத் தொடங்கினாள். லட்ரீஸ் எந்த ஊரில் என்ன வேலை பார்த்தாலும் இவர்கள் விடமாட்டார்கள். அவள் சம்பளத்திலும் கை வைப்பார்கள். அது கணக்கில் தெரியும்.

அதனால்தான் மாதாமாதம் போன். இந்த வருடம் கூலியும் குறைந்தபின், வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றுபோனது. பர்னீஸ்தான் அவளை இலவச வக்கீல் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏழு வருடம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கோர்ட் அறிவிக்கும் என்றாள் ஹாலோவே என்ற இளம் வக்கீல். அப்படி அறிவித்தால் கடன் ரத்தாகும் என்று மனுவும் போட்டாள். விசாரணை அடுத்த செவ்வாய்.

"கேஸ நிறுத்தணும்," என்றாள் வெர்டெல், சாப்பாட்டு மேசையில் டப்பாவைத் திறக்காமல்.

பர்னீஸ் மெல்லுவதை நிறுத்தினாள். "எவ்ளோ வந்திருக்காம்?"

"கேக்கல."

"கடைல வெங்காயம் வாங்கினா ரெண்டு தடவ எண்ணிப் பாக்கிறவ நீ. இதக் கேக்கலயா?"

"எம் பொண்ணு உயிரோட இருக்கான்னு சொல்றேன், நீ வெங்காயத்தப் பேசுற."

பர்னீஸ் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்து புள்ள. எனக்காக."

சனிக்கிழமை வெர்டெல் மகளின் கட்டிலுக்கு உறை மாற்றினாள். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் துணிப் பையை இறக்கினாள். அதை இதுவரை அவள் துவைத்ததில்லை. எப்போதாவது வாயைத் திறந்து முகத்தை உள்ளே வைத்து முகர்ந்துவிட்டுக் கட்டிவிடுவாள். வந்து நின்றால் போட்டுக்கொள்ள நல்ல துணி வேண்டாமா? இரண்டு ஜீன்ஸ், கல்லூரிப் பெயர் போட்ட மேல்சட்டை, கால் உறைகள், பையும்கூட. எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டு சோப்புத்தூளைத் தாராளமாகக் கொட்டினாள். வெயிலில் காயவைத்து, மடித்து, கட்டிலின் கால்மாட்டில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை ஹாலோவே கணினியில் லட்ரீஸின் கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"மிஸ் வெர்டெல், போன மாசச் சம்பளச் சீட்டு இருக்கா?"

வெர்டெல் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வக்கீல் அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே தேதி. டாலர் அதே, சென்டும் அதே.

"உங்ககிட்டப் பிடிச்ச பணம்தான் இது. ஒரு தடவ மட்டும் தவறி உங்க பொண்ணு கணக்குல வரவு வச்சிருக்காங்க. திருத்தச் சொல்லி எழுதறேன்."

"அவளும் அதே அளவு கட்டியிருக்கக் கூடாதா?"

ஹாலோவே திரையை அவள் பக்கம் திருப்பினாள். வெர்டெல் அதை நீண்ட நேரம் பார்த்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளச் சீட்டில் அவள் பார்க்கிற எண்தான்.

"துணியெல்லாம் துவச்சிட்டேனே," என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

கோர்ட்டில் டவாலியாக நின்றவர் கிழவர் பெட்வே. வெர்டெல் போகும் சர்ச்சில்தான் அவரும். சிறுவயதில் லட்ரீஸைப் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிறுத்தியவர். நீதிபதி தலையசைத்ததும் அவர் தாழ்வாரத்துக்குப் போனார். காணாமற்போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

"லட்ரீஸ் ஸ்டோக்ஸ்!"

தாழ்வாரத்தில் பேச்சு அடங்கியது.

"லட்ரீஸ் ஸ்டோக்ஸ்!"

வெர்டெல் நாற்காலியில் வாசல் பக்கமாகத் திரும்பிவிட்டாள். மூன்றாம் முறை பெட்வேயின் குரல் இறங்கியிருந்தது, சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவதைப் போல. "லட்ரீஸ்..." அவர் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அங்கே நின்றார். பிறகு உள்ளே வந்து, யாரும் வரவில்லை என்றார்.

"அம்மா, இந்தப் பக்கம் பாருங்க," என்றார் நீதிபதி. "அவங்க போனதுக்கப்புறம் கடுதாசி, போன், பணம், ஏதாவது வந்துச்சா?"

ஹாலோவேயின் பேனா அசையாமல் நின்றது.

"இல்லைங்க ஐயா," என்றாள் வெர்டெல். "எதுவும் வரல."

காணாமற்போன நாளையே இறந்த நாளாக எழுதவேண்டும் என்று ஹாலோவே கேட்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அன்றே இறந்ததற்கு ஆதாரம் உண்டா என்றார். இல்லை. அப்படியானால் ஏழாம் வருடம் முடிந்த நாள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஹாலோவே விளக்கினாள். "இனிமே பிடிக்க மாட்டாங்க. ஆனா இந்த வெள்ளிக்கிழமச் சம்பளத்துல பிடிப்பாங்க. பேப்பர் போய்ச் சேரணும்ல. ஏழு வருஷம் முடிஞ்ச அந்த நாளுக்கு முன்னால பிடிச்சது எதுவும் திரும்பி வராது. அதுவரைக்கும் அவங்க உயிரோட இருந்ததாத்தான் கணக்கு."

"ஏழு வருஷமும் இருந்தாளா?"

"சட்டப்படி."

"எங்க?"

ஹாலோவே கோப்பின் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

கதவு திறந்தது. பெட்வே அவர்களைப் பார்க்காமல் தாளைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பெஞ்சின் மறு ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன், எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீங்க," என்றபடி நடந்து வந்தாள். வெர்டெல் முழங்காலை ஒதுக்கி அவளுக்கு வழி விட்டாள்.