தொண்ணூறு என்று சொன்னவள்

நிஷாந்தி சீசாவை மெதுவாகக் குலுக்கினாள். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும். நுரை வந்தால் அளவு கெடும். முப்பது எண்ண வேண்டும். பதினாறில் எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவில், காலை வெயில் விழுகிற ஒரே இடத்தில் நின்றிருந்தாள். முன்பக்கம் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு வேன் வரும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. மனைவி வந்து உடலை அடையாளம் காட்ட வேண்டும் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள்.

சீசாவில் இருந்தது ஹோட்டல் நீச்சல்குளத்துத் தண்ணீர். நேற்றுக் காலை அவள் கணவன் ஜெயகாந்தன் தன் கையால் போத்தலில் மொண்டு மூடியது. அவன் அந்தக் குளத்தைப் பராமரித்துவந்தவன். அவள் அதே ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். நாற்பத்தாறு வயதில் அவனுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் மெனேஜர் ஆளை மாற்றிவிடுவார் என்ற பயத்தில், குழாயைப் பார்த்து அளவு சொல்லும் வேலையை ஒரு வருடமாக அவளிடம் விட்டிருந்தான். எழுதுவது மட்டும் அவன்.

நேற்று அவள் சொன்ன அளவு தொண்ணூறு.

வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். குழாயை இடுப்பளவில், தன் நிழலுக்குள் பிடித்தாள். எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தபடி. குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் எண்கள்: கீழே நூறு, மேலே போகப்போகக் குறையும். மருந்து கலந்து வெளுத்த தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்ற, புள்ளி எங்கே மறைகிறதோ அதுதான் ஸ்டெபிலைசர் அளவு. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காக்கிற சரக்கு அது. அளவோடு இருந்தால் நல்லது. கூடிப்போனால் குளோரினையே வேலை செய்ய விடாது.

ஊற்றினாள். நூறு. புள்ளி தெரிந்தது. தொண்ணூறு.

மறைஞ்சிரு, என்று வாய்க்குள் சொன்னாள். மறைஞ்சிரு சாமி.

புள்ளி தெரிந்தது.

எண்பதிலும் தெரிந்தது. எழுபதிலும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பொய் சொல்லும், ஒரு தரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பான். கோழியைப் பார்த்தாள். மறுபடி குழாயைப் பார்த்தாள். ஐம்பது. மங்கலாக, ஆனால் அங்கேயே இருந்தது. நாற்பதில்தான் போனது.

திரும்பச் சீசாவில் கொட்டி இன்னொரு தரம் ஊற்றினாள். நாற்பது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? வேன் வந்திருச்சு." ஜெயகாந்தனின் தங்கை பூரணி, நிஷாந்தியின் எட்டு வயது மகள் தனுஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் மூலையில் நின்றாள். "என்ன அது கையில?"

"ஒண்ணுமில்ல."

"மொகம் ஏன் இப்பிடி வெளுத்திருக்கு? ஒரு வாய் டீத்தண்ணியாச்சும் குடிங்க."

"வேணாம். புள்ளைய பாத்துக்க. நான் வர நேரமானா..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. பொலிஸில் பிடித்துவைத்து, வர முடியாமலே போனால் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. பரிசோதனைப் பெட்டியையும், மீதித் தண்ணீர் இருந்த போத்தலையும் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வேன் புறப்பட்டது. கந்தப்பளை தாண்டும்வரை அவள் நேற்றைய காலையையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடியில் ஆள் தெரியாத பனி. மூன்று நாளாக ஹீட்டர் வேலை செய்யாததால் விரலை விறைக்கச் செய்த தண்ணீர். குளம் பச்சை பாரித்திருந்தது. பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று மெனேஜர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். மேல்மாடியில் ஆறு அறை அவளுக்காகக் கிடந்தது. குழாயை ஒரே ஒரு தரம் பார்த்தாள்.

"தொண்ணூறு."

"தொண்ணூறா? போன வாரம் நாப்பதுதானே நிஷா?"

"தொண்ணூறுதான். எனக்கு வேல கெடக்கு."

ஜெயகாந்தன் குழாயை வாங்கி வானத்துக்கு நேராகத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "தண்ணி இப்பிடி குளுந்திருந்தா கூடத்தான் காட்டும். இந்த மூட்டத்துல புள்ளியும் சுருக்கா மறைஞ்சிரும். குளுர் போனதும் வெயில்ல வச்சு இன்னொருக்கா பாக்கணும்" என்று சொல்லி, ஒரு போத்தலில் தண்ணீர் மொண்டு, பரிசோதனைப் பெட்டியோடு சேர்த்து அவள் பையில் வைத்தான். மெனேஜர் காத்திருக்கவில்லை. இதுவரை போட்ட குளோரின் மாத்திரையில் ஸ்டெபிலைசரும் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் கூடிவிட்டது. மாத்திரையை நிறுத்தி, ஸ்டெபிலைசர் சேராத குளோரின் தூளைப் போடு என்றார்.

படுக்கை விரிப்புகளோடு படியேறும்போது பின்னால் அவன் குரல் கேட்டது. "சேர், பம்ப் அறையில மாத்திர போட்ட பெட்டியில தூளு படக்கூடாது. கழட்டிக் கழுவிக் காயவைக்கணும். அர நாளாகும்."

"அர நாளா? பத்து மணிக்கு ஆக்கள் வாராங்க. தண்ணிய ஊத்தி அலசிட்டு அதுலயே போடுங்க."

சாளரத்தைத் திறந்தபோது பம்ப் அறைக் கதவிடுக்கில் மஞ்சளாகப் புகை வந்துகொண்டிருந்தது. பனியில்லை அது. அவன் உள்ளே இருந்தான். ஆம்புலன்ஸில் அவன் மூச்சு இழுத்த சத்தத்தை மட்டும் அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் மெனேஜர் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நிஷாந்தி, நல்லா கேளுங்க. அளவு பார்த்தது நீங்கன்னு எனக்குத் தெரியும். உள்ளுக்குச் சொன்னா எல்லாம் ஒங்க தலையிலதான் விழும். பொலிஸ், கோர்ட்டுன்னு அலையணும். சின்னப் புள்ள வேற இருக்கு."

அவள் சால்வைச் சுருட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஜெயகாந்தன் தானா பார்த்து, தானா எழுதி, தானா போட்டாருன்னு சொல்லுங்க. புத்தகத்துல அவர் எழுத்துதானே இருக்கு? செத்தவர யார் என்ன செய்யப் போறாங்க?"

பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதலில் உடலைக் காட்டினார்கள். உதடும் மூக்கைச் சுற்றிய இடமும் வெந்ததுபோல் சிவந்திருந்தது. "ஆமா, இவருதான்" என்றாள்.

விசாரணை அதிகாரி வயதானவர், தமிழ் தெரிந்தவர். அருகில் ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேசைமேல் ஹோட்டல் புத்தகம் திறந்திருந்தது. ஜெயகாந்தனின் சாய்ந்த எழுத்தில்: ஸ்டெபிலைசர் 90.

"ஒங்க கணவர்தான் அளவு பார்த்தாரா?"

ஆமா என்று ஒரு சொல் போதும். வெளியே போய்விடலாம். தனுஜாவுக்குத் தாயாவது மிஞ்சுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் மெனேஜரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"இல்லீங்க சேர்." சால்வையைப் பிரித்தபோது போத்தல் பெட்டியில் இடித்துச் சத்தம் போட்டது. இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான்தான் பார்த்தேன். தொண்ணூறுன்னு சொன்னது நானு. அது தப்பு. இது நேத்து அவரு எடுத்து வச்ச தண்ணி. இன்னைக்குக் காலையில வெயில்ல பார்த்தேன். ரெண்டு வாட்டி. நாப்பதுதான்."

சார்ஜன்ட்டின் பேனா நின்றது.

"இத சொல்றது ஒங்களுக்கே கெடுதலா வரலாம். வெளங்குதா?"

"வெளங்குது சேர். அவருக்குச் சந்தேகம் வந்துச்சு. திரும்பப் பாக்கணும்னு சொன்னாரு. நான்தான் அவசரத்துல..."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அளவு தப்பினா தண்ணிதான் கெடும். ஆள் சாகமாட்டாங்க. ரெண்டு மருந்தும் ஒண்ணா சேர்ந்ததாலதான் இவர் செத்திருக்காரு. மாத்திர போட்ட பெட்டியில தூள போடச் சொன்னது யாரு?"

சப்பாத்துச் சத்தம் நின்றிருந்தது. கதவுக்கு வெளியே மெனேஜர் மூச்சுவிடுவதுகூடக் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. சொன்னாள். படியில் நின்றபடி கேட்ட ஒவ்வொரு சொல்லையும், ஜெயகாந்தன் சொன்னதையும் மெனேஜர் சொன்னதையும், மாற்றாமல் சொன்னாள்.

கையெழுத்துப் போடத் தாளை நீட்டியபோது, "வாசிச்சுக் காட்டுங்க சேர்" என்றாள். அதிகாரி முழுவதையும் தமிழில் சொன்னார். 'தொண்ணூறு என்று நான் கூறினேன்' என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போத்தலும் பெட்டியும் எங்ககிட்ட இருக்கட்டும். தேவைப்பட்டா திரும்பக் கூப்பிடுவோம்" என்றார் அவர். பிறகு சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில், மெனேஜரை உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார்.

அவள் வெளியே வர, மெனேஜர் உள்ளே போனார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுக்கப் பிற்பகல் இரண்டரை ஆனது. சவப்பெட்டிக் கடை வேனின் பின்பக்கத்தில், பெட்டிக்கு அருகே போட்டிருந்த சின்னப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். நுவரெலியாவை விட்டு வளைவுகள் தொடங்கியதும் கையை நீட்டிப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

சாரதி கண்ணாடியில் பார்த்தான். "அக்கா, நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு. நகராது."

"ம்."

கந்தப்பளை வந்தது. மரக்கறித் தோட்டங்களில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். வேன் ராகலைக்குள் நுழைந்து, கடைவீதியில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நெடுநேரம் அசையாமல் நின்றது. அவள் அப்போதும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.